அடுத்த பயிரை மண்ணிடம் கேளுங்கள்

தாலுகா அலுவலகத்தில் ‘அ’ பதிவேட்டின் நகல் வாங்கியவர்கள் கவனித்திருக்கலாம். புல எண், உட்பிரிவு, பாசன ஆதாரம், இருபோகமா என்ற கட்டங்களுக்குப் பக்கத்தில் ‘மண் வயனமும் ரகமும்’, ‘மண் தரம்’ என்று இரண்டு கட்டங்கள் இருக்கும். அவற்றில் 7-3, 8-2 என்பதுபோல ஏதோ எண்கள். பட்டா மாறுதலுக்கும் வங்கிக் கடனுக்கும் அந்தக் காகிதத்தைத் தூக்கிக்கொண்டு அலைகிறவர்கள் பரப்பையும் பெயரையும் சரிபார்ப்பார்கள். மண் எண்ணை யாரும் நின்று பார்ப்பதில்லை.

அந்த எண்கள் வெள்ளைக்காரர் காலத்து ரயத்துவாரி நிலவரித் திட்டத்தின் மிச்சம். ஊர் ஊராகப் போய்க் கரிசலா, செவ்வலா, களியா, மணலா என்று பிரித்து, அதற்குள்ளும் தரம் போட்டுத் தீர்வை நிர்ணயித்தார்கள். இந்த மண் எவ்வளவு வரி தாங்கும் என்பதுதான் அவர்களுடைய கேள்வி. அந்தக் கேள்விக்காக ஒரு மாகாணமே அளக்கப்பட்டது. இந்த மண்ணில் எந்தப் பயிருக்குப் பின் எந்தப் பயிர் வந்தால் நிலம் ஓயாமல் இருக்கும் என்ற கேள்வியை, அதே அக்கறையோடு வயல்வயலாகத் தமிழ்நாட்டில் யாரும் இன்றுவரை கேட்கவில்லை. காவிரிப் படுகையில் நெல் மேல் நெல்லாக மூன்று போகமும் நடவு நடக்கும் ஊர்கள் பெருகிவரும் நேரத்தில், இதைக் கேட்காமல் விடுவது நாளைய விளைச்சலை இன்றே அறுத்துத் தின்பதுதான்.

மண்வள அட்டைதான் இருக்கிறதே என்று சொல்லலாம். 2015 பிப்ரவரி 19 அன்று ராஜஸ்தானின் சூரத்கரில் தொடங்கிய திட்டம் அது. கார அமில நிலை, மின் கடத்தும் திறன், அங்ககக் கரிமம், தழை, மணி, சாம்பல், கந்தகம், துத்தநாகம், இரும்பு, தாமிரம், மாங்கனீசு, போரான் ஆகிய 12 அளவுகளை அட்டை தருகிறது. நல்ல காரியம். துத்தநாகக் குறைவு என்று அட்டையில் பார்த்து, ஏக்கருக்குப் பத்துக் கிலோ துத்தநாக சல்பேட் போட்டு நெற்பயிரைத் தேற்றியவர்கள் டெல்டாவில் நிறையப் பேர்.

ஆனால் அந்த அட்டை எப்படிப் பிறக்கிறது என்று பாருங்கள். பாசன நிலத்தில் இரண்டரை ஹெக்டேருக்கு ஒரு மாதிரி என்பது திட்டத்தின் விதி. 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஒரு விவசாயியின் சராசரி நிலம் 0.75 ஹெக்டேர். அதாவது மூன்று பேருடைய வயலுக்கு ஒரு கைப்பிடி மண். உங்கள் பெயர் போட்டு வரும் அட்டையில் இருப்பது பக்கத்துப் பங்காளி வயலின் மண்ணாகவும் இருக்கலாம். அதைவிடப் பெரிய குறை இன்னொன்று. மேல் அரை அடி மண்ணில் என்ன சத்து இருக்கிறது என்பதோடு அட்டை நின்றுவிடுகிறது. மண் கண்டம் எவ்வளவு ஆழம், கீழே இறுக்கம் இருக்கிறதா, தண்ணீர் வடிகிறதா, அறுவடைக்குப் பின் எத்தனை நாள் ஈரம் நிற்கும் என்ற விவரம் எதுவும் அதில் இல்லை. எவ்வளவு உரம் போடலாம் என்று தீர்மானிக்க அட்டை போதும். எந்தப் பயிர் போடலாம் என்று தீர்மானிக்கப் போதாது.

தகுதி என்பது பயிரைப் பொறுத்தது

ஐ.நா.வின் உணவு, வேளாண் அமைப்பு 1976-ல் நில மதிப்பீட்டுக்கு ஒரு சட்டகம் வகுத்தது. உலகம் முழுக்க இன்றும் அதுதான் அடிப்படை. அதில் ‘நல்ல நிலம்’, ‘கெட்ட நிலம்’ என்ற பேச்சே கிடையாது. இந்த நிலம் இந்தப் பயிருக்கு எவ்வளவு பொருத்தம் என்றுதான் பார்க்கிறது. மிகப் பொருத்தம் எஸ்1, ஓரளவு எஸ்2, சிரமப்பட்டால் எஸ்3, பொருந்தாது ‘என்’ (N). ஒவ்வொரு பயிருக்கும் என்ன தேவை, நிலம் என்ன தருகிறது என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்கள். பத்து அம்சங்களில் ஒன்பது பிரமாதமாக இருந்து வடிகால் ஒன்று மோசம் என்றால், அந்த ஒன்றுதான் தரத்தைத் தீர்மானிக்கும்.

இதன்படி ஒரே வயல் நெல்லுக்கு எஸ்1 ஆகவும் மக்காச்சோளத்துக்கு ‘என்’ ஆகவும் இருக்கலாம். நம் பெரியவர்கள் இதை அறியாதவர்களா? ‘அது பள்ளக்கால், நெல்லைத் தவிர எதுவும் நிக்காது’ என்று கிராமத்தில் சொல்வது இதே மதிப்பீடுதான். எழுதி வைக்கவில்லை, அவ்வளவே. எழுதி வைக்காததால்தான் குத்தகை மாறும்போதும், பிள்ளைகள் வெளியூர் போகும்போதும் அந்த அறிவு வயலை விட்டுப் போய்விடுகிறது.

பயிர் சுழற்சி என்று வரும்போது இந்த மதிப்பீடு இன்னும் ஒரு படி நுணுக்கமாகிறது. ஒரு பயிர் அடுத்த பயிருக்கு நிலத்தை எந்த நிலையில் விட்டுப் போகிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். நெல்லுக்காகச் சேற்றுழவு செய்கிறோம். மண்ணின் கட்டமைப்பைக் குழைத்து, நீர் கீழே இறங்காமல் அடைப்பதுதான் அதன் நோக்கம். நெல்லுக்கு அது வேண்டும். பின்னால் வரும் உளுந்துக்கும் பருத்திக்கும் அதே குழைவு காய்ந்து தட்டாகிச் சோதனையாக நிற்கிறது.

மன்னார்குடிப் பக்கம் தாளடி அறுத்த ஒரு வயலில், போன கோடையில் குழி வெட்டும்போது உடன் நின்றேன். மூன்றடி ஆழம், ஆள் இறங்கி நிற்கும் அகலம். மேலே அரை அடிக்கு மண் பொலபொலவென்று வந்தது. நெல் வேர் சடையாகத் தொங்கியது. அதற்குக் கீழே மண்வெட்டி இறங்கவில்லை. கடப்பாரை போட்டால் ‘டங்’ என்று சத்தம். வருஷக்கணக்கில் டிராக்டர் சக்கரமும் சேற்றுழவும் சேர்ந்து இறுக்கிய அடுக்கு, நாலு விரல் கனம் இருக்கும். அதை உடைத்து இறங்கியதும் மண்ணின் நிறமே மாறியது. நீலம் பாய்ந்த சாம்பல் நிறம், நடுவில் பழைய வேர் போன தடங்களில் துருப்பிடித்த கோடுகள். தண்ணீர் மாதக்கணக்கில் தேங்கிக் காற்று நுழையாத மண்ணின் அடையாளம் அது. இரண்டரை அடியில் வெள்ளை வெள்ளையாகச் சுண்ணாம்புக் கட்டிகள். வயலின் சொந்தக்காரர் குழிச் சுவரில் ஒட்டியிருந்த காய்ந்த வேர் ஒன்றை நகத்தால் சுரண்டி எடுத்துக் காட்டினார். “பாருங்க தம்பி, உளுந்து வேரு இந்த எடத்துக்கு வந்ததும் மடங்கிப் படுத்துடுச்சு. நான் வெதைதான் சரியில்லன்னு கடைக்காரர்கிட்ட சண்டை போட்டுட்டு இருந்தேன்.”

அந்த வயலுக்கு மண்வள அட்டை இருந்தது. அட்டையில் எல்லாச் சத்தும் ‘மத்திமம்’.

மூன்று மண், மூன்று சுழற்சி

டெல்டா என்று ஒரே பெயரில் சொன்னாலும் அங்கே மண் ஒன்றல்ல. மண் ஆய்வாளர்கள் பழைய தஞ்சை மாவட்டத்து மண்ணைக் களத்தூர், ஆதனூர், படுகை, மதுக்கூர், பட்டுக்கோட்டை என்று ஊர்ப் பெயர்களாலேயே வரிசைப்படுத்தியிருக்கிறார்கள். இந்த வரிசைகளைப் புரிந்துகொண்டாலே சுழற்சித் திட்டத்தில் பாதி முடிந்தது.

களத்தூர், ஆதனூர் வரிசைகள் பழைய டெல்டாவின் கனத்த களி. கோடையில் கால் நுழையும் அளவுக்கு வெடிக்கும். நனைந்தால் காலை விடாது. இந்தக் களியின் பெரிய சொத்து அதன் ஈரம் தாங்கும் சக்தி. ஆழமான களிமண் ஒரு மீட்டர் ஆழத்தில் 150 முதல் 200 மில்லிமீட்டர் வரை பயிருக்கு எட்டும் நீரைப் பிடித்து வைக்கும். மணற்பாங்கான மண்ணில் அதில் பாதிகூடத் தேறாது. சம்பா அறுவடைக்கு ஒரு வாரம் முன்பு, மண் மெழுகுப் பதத்தில் இருக்கும்போது ஏக்கருக்குப் பத்துக் கிலோ உளுந்தையோ பயறையோ நெல்லுக்குள்ளேயே தெளித்துவிட்டு, ஒரு பாய்ச்சலும் இல்லாமல் பனியிலும் மீந்த ஈரத்திலும் 65, 70 நாளில் அறுத்தெடுக்கும் முறை உலகத்துக்கே பாடம் சொல்லக்கூடியது. ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையம் இதற்கென்றே ஏ.டி.டி. 3 போன்ற உளுந்து ரகங்களைத் தந்தது. உழவுச் செலவு இல்லை, தண்ணீர்ச் செலவு இல்லை. பயறு வேரின் முண்டுகள் காற்றிலிருக்கும் தழைச்சத்தை மண்ணில் சேர்க்கின்றன. களி மண் நெல்லுக்கு மட்டுமே ஏற்றது என்று சொல்கிறவர்கள் இந்த உளுந்தை மறந்துவிடுகிறார்கள்.

இன்று இந்த முறை தளர்ந்ததற்கு மண் காரணமில்லை. அறுவடை இயந்திரம் ஒரு காரணம். முன்கூட்டித் தெளித்தால் முளைத்த விதை சக்கரத்தில் நசுங்குகிறது. அறுத்த பிறகு தெளித்தால் பதம் போய்விடுகிறது. காலம் இன்னொரு காரணம். தைப்பட்ட உளுந்துக்கு ஜனவரி மூன்றாம் வாரம் முதல் பிப்ரவரி இரண்டாம் வாரம் வரைதான் கணக்கு. குறுவையும் தாளடியும் நட்ட வயல் பிப்ரவரி பாதிக்கு மேல்தான் விடுபடும். அங்கே உளுந்து தெளித்தால் பூக்கும் நேரத்தில் பங்குனி வெயில் பிடித்துக்கொள்ளும், வெள்ளை ஈ பெருகி மஞ்சள் தேமல் விழும். ஆகவே குறுவை நட்ட வருஷம் உளுந்தை விட்டுவிட்டு, கோடை மழையில் ஏக்கருக்கு இருபது கிலோ தக்கைப்பூண்டு விதைத்து 45-ஆம் நாள் மடக்கி உழுவது நல்லது. ஒருபோகச் சம்பா வருஷத்தில் உளுந்து. மூன்றாம் வருஷம் வடிகால் உள்ள வயலாக இருந்தால் நெல் தரிசில் பருத்தி. அதன் ஆணிவேர் இறுகிய அடுக்குக்குக் கீழே போகத் தேடும். அதற்கு முன் ஒருமுறை உளிக்கலப்பை போட்டு அந்தத் தட்டை உடைத்தாக வேண்டும். திருவாரூர்ப் பக்கம் கோடைப் பருத்தி நன்றாகப் பரவியிருக்கிறது. ஆனால் வருஷா வருஷம் அதே வயலில் நெல், பருத்தி, நெல், பருத்தி என்று போனால் அது சுழற்சி ஆகாது. பயறு ஒன்று இடையில் வந்தே ஆக வேண்டும்.

படுகை வரிசை ஆற்றோரத்து வண்டல். திருவையாறு, கும்பகோணம் பக்கம் காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் ஒட்டிய வாழையும் கரும்பும் வெற்றிலையும் இந்த மண்ணில்தான். இங்கே பிரச்சினை தலைகீழ். வாழைக்குப் பின் வாழை என்று போட்டால் வேரில் நூற்புழுவும் வாடல் நோயும் குடியேறுகின்றன. அந்த நிலத்தை ஒரு போகமாவது நெல்லுக்குத் திருப்பித் தண்ணீரில் மூழ்க வைத்தால் நூற்புழு வெகுவாக அடங்கும். களியில் நெல்லிலிருந்து மண்ணுக்கு ஓய்வு தேவைப்படுகிறது. படுகையில் நெல்லே மண்ணுக்கு மருந்தாகிறது. எல்லா ஊருக்கும் ஒரே சுழற்சியை அச்சடித்துக் கொடுக்க முடியாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டாம்.

மதுக்கூர், பட்டுக்கோட்டை வரிசைகள் புதிய டெல்டாவின் செம்மண். 1934-ல் மேட்டூர் அணையோடு வந்த கல்லணைக் கால்வாய்தான் இந்தப் பகுதிக்கு ஆற்றுத் தண்ணீரைக் கொண்டுவந்தது. தண்ணீர் வந்ததும் நெல்லும் வந்துவிட்டது. மேல் மண் மணல் கலந்தது. நிறுத்திய தண்ணீர் நிற்காமல் இறங்கிக்கொண்டே இருக்கும், போட்ட யூரியாவும் கூடவே இறங்கும். என் கருத்தில் இங்கே வருஷத்துக்கு ஒரு நெல்லுக்கு மேல் நடுவது மண்ணுக்கும் அணைக்கும் செய்யும் அநியாயம். நிலக்கடலையின் விழுது இறங்கவும் காயோடு பிடுங்கவும் இந்தப் பொலபொலப்பு வேண்டும். கனத்த களியில் அதே கடலை பாதி மண்ணுக்குள்ளேயே தங்கிவிடும். ஒரு நெல், பிறகு கடலை அல்லது எள், மேட்டு வயல்களில் மக்காச்சோளமோ துவரையோ என்று போனால் இந்தச் செம்மண் நன்றாக ஒத்துழைக்கும். உளுந்தை இங்கே களி வயலைப் போலத் தெளித்துவிட்டுப் போக முடியாது. ஓரிரு பாய்ச்சல் கொடுக்கத்தான் வேண்டும்.

உப்பு என்ற நடுவர்

கடைமடையில், நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம், மற்ற எல்லா அம்சத்தையும் ஓரம் கட்டிவிட்டு உப்பு முன்னால் வந்து நிற்கும். மண்ணின் மின் கடத்தும் திறன் மீட்டருக்கு 4 டெசிசைமனைத் தாண்டினால் உவர் நிலம் என்பது பொதுக் கணக்கு. ஆனால் பயிருக்குப் பயிர் தாங்கும் எல்லை வேறு. மக்காச்சோளம் 1.7-லேயே விளைச்சலை இழக்கத் தொடங்கும். நெல் 3. சோளம் 6.8 வரை தாங்கும், பருத்தி 7.7 வரை. அட்டையில் இருக்கும் ஒரே ஒரு எண்ணை, பரிசோதனை முறைக்கு ஏற்ப மாற்றி, இந்தப் பட்டியலோடு ஒப்பிட்டாலே கடைமடை விவசாயி தவறான பயிரில் பணம் போடுவதிலிருந்து தப்பலாம். இந்த எளிய ஒப்பீடு அட்டையில் அச்சாகவில்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

உவர் வேறு, களர் வேறு. உவர் நிலத்தை நல்ல தண்ணீரும் வடிகாலும் இருந்தால் அலசி எடுக்கலாம். களரில் சோடியம் களித்துகளோடு ஒட்டிக்கொண்டு மண்ணை மூச்சடைக்கும். ஜிப்சம் போட்டுச் சோடியத்தைப் பெயர்த்துத்தான் வெளியேற்ற வேண்டும். திருச்சி அன்பில் தர்மலிங்கம் வேளாண் கல்லூரி களருக்காகவே டி.ஆர்.ஒய். நெல் ரகங்களை உருவாக்கியது. 2004 சுனாமியில் கடல் நீர் புகுந்த நாகை வயல்கள் மழையாலும் ஜிப்சத்தாலும் தக்கைப்பூண்டாலும் மீண்டதைக் கண்ணால் பார்த்தோம். உப்பு நிலம் ஓட்டைப் படகு மாதிரி தூக்கிப் போட வேண்டியது அல்ல. பயிர் வரிசையை மாற்றி நடத்த வேண்டியது. ஆனால் கோடை நெல்லுக்காக ஆழ்துளைக் கிணறு போட்டு நிலத்தடி நீரை உறிஞ்சுகிற ஊர்களில், கடல் நீர் உள்ளே ஏறிக்கொண்டே வருகிறது. அங்கே மண்ணோடு கிணற்றுத் தண்ணீரையும் பரிசோதிக்காமல் எந்தச் சுழற்சியும் எழுத முடியாது.

தண்ணீர் வரும் தேதி

நில மதிப்பீட்டில் மண் பாதி என்றால் தண்ணீர் மறுபாதி. மேட்டூர் திறக்க வேண்டிய வழக்கமான நாள் ஜூன் 12. 2012 முதல் 2019 வரை ஒருமுறைகூட அந்தத் தேதியில் திறக்கவில்லை. 2017-ல் அக்டோபர் 2 வரை காத்திருக்க நேர்ந்தது. 2022-ல் மே 24-லேயே திறந்தார்கள். 2024-ல் ஜூலை 28. இப்படி நான்கு மாதத்துக்கு மேல் முன்னும் பின்னும் ஊசலாடும் தேதியை நம்பி ஒரே ஒரு பயிர்த் திட்டம் வைத்துக்கொள்வது சரியில்லை. ஒவ்வொரு வயலுக்கும் இரண்டு வேண்டும்: ஜூனில் திறந்தால் ஒன்று, ஆகஸ்டுக்குப் போனால் இன்னொன்று. தாமதமான வருஷம் குறுவை போச்சே என்று வயலை வெறுமனே விடாமல், அந்த இரண்டு மாதத்தில் பசுந்தாள் உரப்பயிரை ஏற்றினால் சம்பாவுக்கு ஏக்கருக்கு எட்டு, பத்து டன் தழை கிடைக்கும்.

சுழற்சியைக் கால்வாய்க்குள்ளேயே கட்டி வைத்த ஊரும் நம்மிடம் உண்டு. கீழ்பவானிப் பாசனத்தின் 2,07,000 ஏக்கரையும் இரண்டாகப் பிரித்து, ஒற்றைப்படை மதகுகளுக்கு நஞ்சைக்கு விட்டால் இரட்டைப்படை மதகுகளுக்குப் புஞ்சைக்கு, அடுத்த ஆண்டு மாற்றி என்று முறை வைத்திருக்கிறார்கள். நெல் ஒரு வருஷம், கடலையோ எள்ளோ மறு வருஷம். பவானிசாகரில் தண்ணீர் போதாததால் பிறந்த ஏற்பாடு அது. ஆனால் மண்ணுக்கு ஈரமும் காய்ச்சலும் மாறி மாறிக் கிடைக்கும் பலனை ஈரோட்டு விவசாயிகள் அனுபவித்து வருகிறார்கள். காவிரியில் மதகு வாரியாக இப்படி யோசிக்க யாரும் தொடங்கவில்லை.

கர்நாடகம் வேறொரு வழியில் முன்னால் போயிருக்கிறது. சுஜலா திட்டத்தின் மூன்றாம் கட்டத்தில், நாகபுரியைத் தலைமையிடமாகக் கொண்ட தேசிய மண் ஆய்வு நிறுவனத்தோடு சேர்ந்து, சர்வே எண் தெரியும் அளவுக்கு நுணுக்கமான 1:7,920 வரைபடங்களில் மானாவாரி நிலங்களை மதிப்பிட்டார்கள். மண் ஆழம், சரிவு, சரளை, இழைநயம், எந்தப் பயிருக்கு எந்தத் தரம் என்று புலம் புலமாக. நம்மிடம் ‘அ’ பதிவேடு இருக்கிறது, புல வரைபடம் இருக்கிறது, ஐந்து நாளைக்கு ஒருமுறை கடந்துபோகும் சென்டினல் செயற்கைக்கோளின் படங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன, கோவை வேளாண் பல்கலைக்கழகம் இருக்கிறது. டெல்டாவின் ஒவ்வொரு புல எண்ணுக்கும் இப்படி ஒரு மதிப்பீடு செய்ய அறிவுக்குப் பஞ்சமில்லை. குழி வெட்ட ஆள் அனுப்ப வேண்டும்.

அத்தனையும் செய்து கொடுத்தாலும் விவசாயி நெல்லைத்தான் நடுவார் என்றால், அதில் அவரைக் குறை சொல்ல மாட்டேன். 2024-25 பருவத்துக்கு மத்திய அரசு அறிவித்த ஆதரவு விலையில் சாதாரண நெல் குவிண்டால் 2,300 ரூபாய், உளுந்து 7,400 ரூபாய், பச்சைப்பயறு 8,682 ரூபாய். காகிதத்தில் பயறுதான் மேல். ஆனால் நேரடி கொள்முதல் நிலையம் ஊருக்கு ஊர் திறந்திருப்பது நெல்லுக்கு. உளுந்தை ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துக்குச் சுமந்துபோய், கொள்முதல் நடக்கும் நாள் பார்த்து நிற்க வேண்டும். காத்திருக்க முடியாதவர் களத்திலேயே வியாபாரி சொன்ன விலைக்குக் கொடுத்துவிடுகிறார். நெல் மூட்டை எடை போடும் அதே களத்தில் மாசி, பங்குனியில் உளுந்துக்கும் தராசு தொங்கினால், எந்தப் பிரசாரமும் இல்லாமலே கோடை நெல் குறையும்.

இன்னொரு முடிச்சு குத்தகை. டெல்டாவில் கோயில், மடங்களின் நிலம் ஏராளம். தனியார் நிலத்திலும் உழுகிறவர் ஒருவர், பட்டாதாரர் ஒருவர். குத்தகை உரிமையைப் பதிவு செய்ய 1969-லேயே சட்டம் வந்தும், வாய்ப்பேச்சில் ஓடும் குத்தகைதான் அதிகம். அடுத்த வருஷம் இந்த வயல் தன்னிடம் இருக்குமா என்று தெரியாதவர் ஏன் தக்கைப்பூண்டு விதைக்கப் போகிறார்? ஏன் ஜிப்சம் வாங்கப் போகிறார்? மண்ணில் போடும் காசு மூன்றாம் வருஷம்தான் திரும்பும். குறைந்தது மூன்று வருஷக் குத்தகையை எழுத்தில் கொடுக்காத இடத்தில் மூன்று வருஷச் சுழற்சியை எதிர்பார்ப்பதில் நியாயம் இல்லை. அறநிலையத் துறை நினைத்தால் கோயில் நிலங்களிலிருந்தே இதைத் தொடங்கலாம்.

சித்திரையும் வைகாசியும் மண்ணைப் பார்க்கும் மாதங்கள். வயல் காலியாக இருக்கும், வெடிப்பு தெரியும். மேட்டில் ஒன்று, பள்ளத்தில் ஒன்று என இரண்டு குழி மூன்றடிக்கு வெட்டுங்கள். வேர் எங்கே நிற்கிறது, எந்த ஆழத்தில் நீலம் பாய்கிறது என்று பாருங்கள். ஈரப்படுத்திய மண்ணை விரலிடுக்கில் நீட்டிப் பாருங்கள். நாடாபோல நீண்டால் களி, உதிர்ந்தால் மணல். குழியில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றி எவ்வளவு நேரத்தில் இறங்குகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். வரப்போரம், மர நிழல், எருக் குவித்த இடம் தவிர்த்துப் பத்துப் பதினைந்து இடத்தில் ‘வி’ வடிவத்தில் வெட்டி, நெல் வயலானால் 15 சென்டிமீட்டர், பருத்தி போடும் எண்ணமிருந்தால் 22.5 சென்டிமீட்டர் ஆழத்து மண்ணைச் சேர்த்து, கால் பங்கிட்டுக் குறைத்து, அரைக் கிலோவைத் துணிப்பையில் போட்டு மண் பரிசோதனை நிலையத்தில் கொடுங்கள். கூடவே ஒரு பாட்டில் கிணற்றுத் தண்ணீரும். முடிவு வந்ததும் ஒரு நோட்டில் புல எண் எழுதி, அதன் கீழே போன மூன்று வருஷம் என்ன போட்டீர்கள், வரும் மூன்று வருஷம் என்ன போடலாம் என்று இரண்டு பத்தி எழுதுங்கள். வேளாண் உதவி அலுவலர் ஊருக்கு வரும் நாளில் அந்த நோட்டை அவர் கையில் கொடுத்துப் பேசுங்கள்.